காய்ந்த சீகை

டிசம்பர் 9, திங்கள்

நான் தூங்கவில்லை. சனிக்கிழமை பிற்பகல் எங்கள் வீட்டுப் புகைபோக்கி தீப்பிடித்தபோது நான் கணப்பின் முன்னால் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்ததாகக் கோத்தகிரியில் பாதிப் பேர் சொல்கிறார்கள். நேற்றுப் பூசை முடிந்ததும் மூன்று பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, வயதானால் கண் அசந்துபோவது இயல்புதான் என்றார்கள். பிற்பகலில் தூங்கும் பழக்கம் எழுபத்தாறு வருடத்தில் எனக்கு இருந்ததில்லை. நான் படித்த கன்னியர் மடத்துப் பள்ளியில் பகலில் படுப்பது காய்ச்சல் வந்தவர்களுக்கு மட்டும். சனிக்கிழமை நான் கண்ணாடி அணிந்து, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, கோயில் பங்கு மடலின் எட்டாம் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டுக் கோகிலவாணி சமையலறை வழியாக ஓடிவந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள். உலுக்கியதாலேயே நான் தூங்கியதாக ஆகிவிடாது.

புகைபோக்கிக்குள் தீ, லாரி மேடு ஏறுவதைப்போல உறுமியதாம். அவள் வீட்டுக்கே கேட்டதாம். கோகிலவாணி எதையும் பெரிதாக்கிச் சொல்பவள்.

கல்லுப்பை அள்ளி நெருப்பில் போட்டதும் ஈரச் சாக்கால் கணப்பின் வாயை அடைத்ததும் அவள்தான். அதை மறுக்கவில்லை. தீயணைப்பு வண்டி வந்தபோது பெரும்பாலும் அடங்கியிருந்தது. உள்பூச்சு இரண்டு இடத்தில் வெடித்திருக்கிறது. வேறு சேதமில்லை.

காரணம் விறகு. ஈரவிறகு புகையும். அந்தப் புகை மேலே போகும்போது குளிர்ந்து, உள்சுவரில் தார்போலப் படியும். படிந்தது ஒருநாள் பற்றிக்கொள்ளும். விறகு கொடுத்தவர் போஜன்.

டிசம்பர் 10, செவ்வாய்

ரெஜினா கோயம்புத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்தாள். எனக்கு ஒரே மகள், வங்கியில் வேலை. இப்போதெல்லாம் மிகவும் சத்தம்போட்டுப் பேசுகிறாள். கௌண்டரில் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பேசிப் பழகியதால் இருக்கலாம். வீட்டுக்குள் அப்படிப் பேசுவது மரியாதை இல்லை என்று சொன்னேன். அதன் பிறகு நல்ல குரலில் பேசினாள். ஆனால் சுருக்கமாக.

அவள் சொன்னதன் சாரம் இது. தீக்குக் காரணம் விறகு என்றால் விறகுக்காரரை மாற்றினால் போதும். காரணம் நான் என்றால், கிறிஸ்துமஸ் முடிந்ததும் வீட்டைப் பூட்டிக்கொண்டு அவளோடு போய்விட வேண்டும்.

"நெஜமாவே முழிச்சுத்தான் இருந்தீங்களாம்மா?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

முழித்துத்தான் இருந்தேன் என்றேன். ஈரவிறகைப் பற்றி விளக்கினேன். அவளுடைய அப்பா சவரிராயன் முப்பது வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் டீ மேக்கராக இருந்தவர். இலையை உலர்த்தும் சூட்டடுப்புக்கு எந்த விறகு போகிறது, எவ்வளவு காய்ந்து போகிறது என்று பார்ப்பது அவர் பொறுப்பு. அவர் தட்டிப் பார்த்து வேண்டாம் என்ற விறகு கேட்டைத் தாண்டி வந்ததில்லை. அவரிடம் கற்றவள் நான். இந்த ஊரில் என்னை இன்னும் மேக்கரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். எந்த விறகு நல்லது என்று என்னைக் கேட்டுத்தான் வாங்குகிறார்கள்.

ரெஜினா கொட்டகைக்கு வந்து அடுக்கைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. சரி, கிறிஸ்துமஸுக்கு வருவேன், அப்போது முடிவு செய்யலாம் என்றாள்.

டிசம்பர் 12, வியாழன்

கொத்தனார் உள்பூச்சைச் சரிசெய்துவிட்டார். இரண்டு நாள் ஆறவிட வேண்டும். அதுவரை கம்பளி.

புகைபோக்கியிலிருந்து ஒரு வாளி கரி இறக்கினார். கறுப்பாக, மினுமினுப்பாக, கண்ணாடிபோல உடைந்தது. விரலில் எடுத்து மோந்து பார்த்துவிட்டு, "சீகை மட்டுமா போட்டீங்க?" என்று கேட்டார். சீகைதான் என்றேன்.

இந்த மலையில் கணப்புக்கு ஏற்றது, வெள்ளைக்காரர்கள் வாட்டில் என்ற சீகை மரம் மட்டுமே. நிதானமாக எரியும், கனல் நிற்கும், புகை குறைவு. கற்பூர மரம் சூடு தரும். ஆனால் எண்ணெய்ப்பசை, காற்றுக்கு ஏற்றபடி சீறும். சில்வர் ஓக் காகிதம்போல எரிந்து சாம்பலாகும். தேயிலைச் செடியின் மிலார்க் குச்சி பற்றவைக்க மட்டும். பைன், சைப்ரஸ் இரண்டும் பிசின்மரங்கள். அவற்றை வீட்டுக்குள் எரிப்பவர்கள் புகைபோக்கியைப் பற்றி அறியாதவர்கள்.

சீகையிலும் ஒரு வருடம் காய்ந்தது வேண்டும். இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடொன்று தட்ட வேண்டும். காய்ந்திருந்தால் கணீரென்று ஒலிக்கும். ஈரமென்றால் மொத்தென்று அடங்கும். போஜன் நவம்பர் முதல் வாரம் இறக்கிய அடுக்கில் இன்று பன்னிரண்டு கட்டையைத் தட்டிப் பார்த்தேன். பன்னிரண்டும் மொத்து.

இங்குள்ள கன்னியர் மடத்து விடுதிக்கும் போஜன்தான் விறகு போடுகிறார். விடுதிப் பொறுப்பாளர் சிஸ்டருக்கு ஒரு கடிதம் எழுதினேன். எண்பது பிள்ளைகள் தூங்கும் இடம். எச்சரிப்பது கடமை.

டிசம்பர் 14, சனி

போஜன் வந்தார். பதினெட்டு வருடமாக எங்கள் வீட்டுக்கு விறகு போடுபவர். அரவேணுப் பக்கம் ஒரு ஹட்டியில், படகர் ஊரில், வீடு. ஐம்பது வயது இருக்கும். செருப்பை வாசலில் விட்டு, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என் எதிரே நின்று நிறுத்தி நிறுத்திப் பேசுவார். அந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்கும்.

விடுதியில் அவருடைய டெம்போவைக் கேட்டிலேயே திருப்பிவிட்டார்களாம். கோபப்படவில்லை. கொட்டகைக்குப் போகலாமா என்று கேட்டார். வேலைக்கு வரும் மாதியும் கூட வந்தாள். போஜன் அடுக்கின் நடுவிலிருந்து இரண்டு கட்டையை உருவி, என் முகத்துக்கு நேராகப் பிடித்துத் தட்டினார்.

"இது போன வருசம் மாசியில வெட்டுனதுங்கம்மா. கேக்குதுங்களா?"

கேட்டது. மொத்தென்று. இன்னும் இரண்டு கட்டையை எடுத்து, கொஞ்சம் பலமாகத் தட்டினார். அதுவும் அப்படியே. ஈரம் என்றேன்.

அவர் மாதியைப் பார்த்தார். மாதி தரையைப் பார்த்தாள். இருவரும் படகர், அவர்களுக்குள் பார்வையால் ஏதோ பேசிக்கொண்டார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. போஜன் கட்டைகளை இருந்த இடத்திலேயே செருகிவிட்டு, "சரிங்கம்மா, நீங்க சொன்னாச் சரிங்க" என்று சொல்லிப் போய்விட்டார்.

வாதாடியிருந்தால் நான் இன்னும் உறுதியாகப் பேசியிருப்பேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

திருவருகைக் காலம் மூன்றாம் ஞாயிறு. புதிய பங்குத்தந்தை வாயைத் திறக்காமல் பிரசங்கம் செய்கிறார். இந்தக் காலத்துக் குருமடங்களில் உச்சரிப்பு சொல்லிக்கொடுப்பதில்லை போலும். வாசகங்களை வீட்டில் முன்பே படித்துவிட்டுப் போனதால் எனக்குச் சிரமமில்லை.

டிசம்பர் 17, செவ்வாய்

மேல்பஜார் டிப்போவிலிருந்து புது விறகு வந்தது. இதுவும் சீகை. தட்டினேன். மொத்து. இறக்கிவைத்தவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். வேறு வழியில்லாமல் வாங்கிக்கொண்டேன். மாலை கணப்பில் வைத்தபோது நுனியில் நுரை தள்ளிப் புகைந்தது.

குக்கரின் விசில் கெட்டுவிட்டது. மூன்று வந்துவிட்டதென்று சொல்லி மாதி அடுப்பை அணைக்கிறாள். பருப்பு வெந்துதான் இருந்தது.

டிசம்பர் 18, புதன்

கொத்தனார் கேட்ட கேள்வியைப் பற்றி ஒரு திருத்தம். ஜூலைக் காற்றில் எங்கள் தோட்டத்து சைப்ரஸ் ஒன்று விழுந்தது. வேலியோரம் சவரிராயன் நட்டது. துண்டுபோட்டுக் கொட்டகையின் மறுபக்கம் வைத்திருந்தேன். போஜனின் சீகை ஈரமாக இருந்ததால் பற்றவேண்டுமே என்று நவம்பர் முழுவதும் ஒவ்வொரு முறையும் இரண்டு துண்டு சைப்ரஸ் சேர்த்தேன். சில நாள் மூன்று. சீகை காய்ந்திருந்தால் அதற்குத் தேவையே வந்திருக்காது. ஆகவே காரணம் மாறவில்லை.

டிசம்பர் 19, வியாழன்

கேக் சுட்டேன். பழங்கள் அக்டோபரிலிருந்து ஊறியவை. ஓவனில் சூடு வீணாக வேண்டாமென்று ஒரு சோதனையும் செய்தேன்.

தொழிற்சாலைக்கு வரும் விறகில் சந்தேகம் வந்தால் சவரிராயன் தட்டிப் பார்ப்பதோடு விடமாட்டார். ஒரு கட்டையின் நடுவிலிருந்து சிராய் எடுத்து எடைபோடுவார். சூட்டடுப்பின் மேல் ஒருநாள் முழுதும் வைத்து, மறுபடி எடைபோடுவார். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் ஈரவிறகு. மாதியைக்கொண்டு போஜனின் கட்டையொன்றையும் டிப்போக் கட்டையொன்றையும் பிளக்கச் செய்து, தலா நானூறு கிராம் சிராயைத் தனித்தனித் தட்டில் ஓவனில் வைத்தேன். ரெஜினாவிடம் எண்களோடு காட்டிவிட்டால் பேச்சுக்கு இடமிருக்காது.

டிசம்பர் 20, வெள்ளி

டிப்போ விறகு: நானூறு, இருநூற்று எழுபது.

போஜன் விறகு: நானூறு, முந்நூற்று நாற்பத்தைந்து.

தராசு பழையது.

டிசம்பர் 21, சனி

கோகிலவாணியின் தராசை வாங்கி, வேறு இரண்டு கட்டையைப் பிளந்து, மீண்டும் செய்தேன். ஏறக்குறைய அதே எண்கள். போஜனின் சீகை காய்ந்தது. இப்படிக் காய்ந்த சீகையை என் கணவர் கேள்வி கேட்காமல் உள்ளே விட்டிருப்பார்.

பிளப்பதற்கு முன் நான்கையும் தட்டிப் பார்த்திருந்தேன். காய்ந்ததற்கும் ஈரத்துக்கும் ஒரே ஓசை.

டிசம்பர் 22, ஞாயிறு

சப்பாத்திக் கட்டையும் பலகையும் என் கல்யாணத்துக்கு வந்தவை. ஐம்பத்தொரு வருடம் சமையலறையில் இருப்பவை. தட்டிப் பார்த்தேன். மொத்து.

டிசம்பர் 23, திங்கள்

பாவசங்கீர்த்தனம் செய்தேன். பொறுமையின்மை, உணவு ஒறுத்தலில் ஒருமுறை தவறியது, கோகிலவாணியைப் பற்றிக் கடுமையாக நினைத்தது. குருவானவர் என்ன பரிகாரம் சொன்னார் என்பது சரியாகப் பிடிபடவில்லை. ஐம்பத்து மூன்று மணிச் செபமாலை முழுவதும் சொன்னேன். எதுவாக இருந்தாலும் அதற்குள் அடங்கும்.

மாதி சொன்னாள்: விடுதி மட்டுமல்ல, எங்கள் சாலையில் இன்னும் மூன்று வீட்டில் போஜனை இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். மேக்கரம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சொன்னார்களாம்.

கொட்டகையைப் பெருக்கினேன். சைப்ரஸ் துண்டுகளை வேலிக்கு வெளியே போடச் சொன்னேன்.

டிசம்பர் 25, புதன்

இயேசு பிறப்பு விழா. ரெஜினா வந்தாள். கேக் நன்றாக வந்திருந்தது. நடு கொஞ்சம் ஈரம். அது அப்படித்தான் இருக்கவேண்டும்.

சாப்பிட்டபின் அவளாகவே பேச்சை எடுத்தாள். மடத்து சிஸ்டரிடம் விசாரித்தாளாம். மேக்கரம்மா விறகு விஷயத்தில் தவறமாட்டார் என்று சிஸ்டர் சொன்னாராம். அவளுக்கும் திருப்தி. நல்ல விறகுக்காரரைப் பார்த்துக்கொள்ளுங்கள், வருடம் இருமுறை புகைபோக்கியைச் சுத்தம் செய்யுங்கள், உங்கள் விருப்பப்படி இங்கேயே இருங்கள் என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாரிம்மா. நீங்க தூங்கிட்டீங்கன்னு நானும் நெனச்சுட்டேன்" என்றாள்.

நான் விரும்பிய பதில் இதுதான். இந்த வீட்டில் முப்பத்து நான்கு வருடமாக இருக்கிறேன். காபி போட எழுந்து போனேன்.

எடைக்கணக்கு எழுதிய தாள் மேசை டிராயரில் இருந்தது. அவள் டிராயரைத் திறக்கவில்லை.

டிசம்பர் 26, வியாழன்

ரெஜினா காலை பஸ்ஸில் போனாள். துணி துவைக்கும் நாள். வெயில் இல்லை.

டிசம்பர் 27, வெள்ளி

ஒன்றுமில்லை.

டிசம்பர் 28, சனி

விடுதிப் பொறுப்பாளர் சிஸ்டருக்கு இரண்டாவது கடிதம். போஜன் தரும் சீகையை எடைபோட்டு மறுபரிசீலனை செய்ததாகவும், அது எல்லா வகையிலும் தகுதியானது என்றும், என் முதல் கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்றும் எழுதினேன். பனிக்காலத்தின் ஈரக்காற்றால் முதல் சோதனையில் பிழை ஏற்பட்டதாகக் காரணம் எழுதினேன். மூன்று வீட்டுக்கும் நேரில் போய்ச் சொன்னேன். மூன்றிலும் காபி கொடுத்தார்கள்.

கடிதத்தை மாதி எடுத்துப் போனபின் அந்தக் காரணத்தை மறுபடி நினைத்துப் பார்த்தேன். காற்றால் ஓசை மாறாது.

டிசம்பர் 30, திங்கள்

போஜன் வந்தார். விடுதியில் கேட்டைத் திறந்துவிட்டார்களாம். நன்றி சொல்ல வந்தேன் என்றார். அவர் எனக்கு நன்றி சொல்வது பொருத்தமில்லை. உட்காரச் சொன்னேன். பதினெட்டு வருடத்தில் முதல்முறையாகக் கணப்பின் அருகே நாற்காலியில் உட்கார்ந்தார், விளிம்பில்.

அவருடைய விறகு காய்ந்ததுதான் என்று நேராகச் சொன்னேன்.

"தெரியுங்கம்மா" என்றார்.

தெரிந்திருந்தால் அன்றே ஏன் வாதாடவில்லை என்று கேட்டேன். அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு முகத்தை எனக்கு நேராக வைத்து, அவருக்கே உரிய முறையில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"அன்னிக்கு நான் தட்டுன தட்டுக்கு ரோட்டுல போறவங்க திரும்பிப் பாத்தாங்க. உங்களுக்குக் கேக்கலீங்க. நான் அதச் சொன்னா, ரெஜினா பாப்பா உங்களக் கூட்டிட்டுப் போயிரும்னு மாதி முன்னமே சொல்லியிருந்துச்சுங்க. விறகு ஈரம்னே இருக்கட்டும்னு வந்துட்டேன்."

சமையலறை வாசலில் மாதி நின்றிருந்தாள். இந்த முறை தரையைப் பார்க்கவில்லை.

எவ்வளவு நாளாக என்று அவளைக் கேட்டேன். இரண்டு விரலைக் காட்டினாள். மாதமா என்றேன். வருடம் என்றாள். பிறகு, அழைப்புமணியைக் கழற்றிப் பார்த்து அது பழுதில்லை என்று எலக்ட்ரீசியன் சொன்ன நாளிலிருந்து என்று சேர்த்துச் சொன்னாள். அந்த எலக்ட்ரீசியனுக்கு வேலை தெரியாது என்று நான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

போஜனிடம் ஒரு பாரம் சீகை கொண்டுவரச் சொன்னேன். நாளைக்கே கொண்டுவருவதாகச் சொன்னார். இறக்கும்போது நான் கொட்டகைக்கு வரப்போவதில்லை என்றும், காய்ந்ததா இல்லையா என்பதை இனி அவரே பார்த்துச் சொல்லவேண்டும் என்றும் சொன்னேன்.

"நான் வித்தவன், நானே எப்படிச் சொல்றதுங்க?" என்று சிரித்தார். முறையான ஆட்சேபணை. மாதி தட்டிப் பார்ப்பாள் என்று முடிவாயிற்று. அவளுக்கு அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். உடனே போஜனிடம் போன பாரத்தில் இரண்டு கோணல் கட்டை இருந்ததைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

டிசம்பர் 31, செவ்வாய்

விறகு இறங்கியது. மாதி ஏழு கட்டையைத் திருப்பிவிட்டாள்.

வருடக்கடைசி நன்றிப் பூசைக்குப் போகவில்லை. போஜன் தன் பெயரைக் கெடவிட்டு எனக்காக வைத்திருந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் அதை ஒரு பெரிய காரியமாகச் சொல்லவில்லை. எப்படியும் அவர் எனக்குக் கொடுத்தாகவேண்டிய ஒன்றல்ல அது. நான் எடுத்துக்கொள்ளவும் கூடாது.

ஜனவரி 2, வியாழன்

ரெஜினாவுக்கு எழுதிய கடிதத்தின் நகல்:

அன்புள்ள ரெஜினா,

கிறிஸ்துமஸ் அன்று நீ சொன்ன முடிவு தவறான தகவலின்மேல் எடுக்கப்பட்டது. சரியானது கீழே.

போஜனின் விறகு காய்ந்தது. எடைக்கணக்கை இத்துடன் வைத்திருக்கிறேன். அது ஈரம் என்று நான் தவறாக நினைத்து, பற்றுவதற்காக நம் சைப்ரஸைச் சேர்த்து எரித்தேன். புகைபோக்கியில் படிந்தது அந்தப் பிசின். ஆகவே தீக்குக் காரணம் நான்.

விறகை நான் தவறாக நினைத்ததற்குக் காரணம், தட்டும் ஓசை எனக்குக் கேட்பதில்லை. புகைபோக்கி எரிந்த சத்தமும் கேட்கவில்லை. நான் அதிலிருந்து ஆறடி தூரத்தில், விழிப்பாக இருந்தேன். தூங்கியிருந்தால் இதைவிட நல்லதாக இருந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். இரண்டு வருடமாக இப்படி இருக்கிறது என்று மாதி சொல்கிறாள். நீ சத்தமாகப் பேசியதற்கு உன்னைக் கண்டித்தேன். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இருபதாம் தேதி கோயம்புத்தூர் வந்து காது மருத்துவரைப் பார்க்க எண்ணம். கருவி வைத்துக்கொள்ளச் சொன்னால் வைத்துக்கொள்வேன். அதுவரை மாதி இருக்கும் நேரத்தில் மட்டுமே கணப்பு மூட்டப்படும். மற்ற நேரம் கம்பளி போதும்.

மருத்துவரைப் பார்த்தபின் நான் கோத்தகிரிக்குத் திரும்புவதா, உன்னோடு இருப்பதா என்பதை நீ முடிவு செய். எனக்குத் திரும்ப வேண்டும். ஆனால் என் விருப்பத்தையும் உன் முடிவையும் ஒன்றாக்கிக் குழப்ப வேண்டாம். நீ எப்படிச் சொன்னாலும் ஏற்றுக்கொள்வேன்.

போனில் சொல்லவேண்டாம். போன் பழுதில்லை. உன் பதிலைத் தெளிவாக எழுதித் தபாலில் அனுப்பு.

அம்மா